புதிய கைத்துப்பாக்கி சிக்கிக்கொள்கிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிப்போம்

தற்காப்புக்காக எப்போதும் உடன் வைத்திருக்க வாங்கிய கைத்துப்பாக்கி, பயிற்சிக்குக் கொண்டுபோன முதல் நாளே நான்கு முறை சிக்கிக்கொண்டால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். விசையை இழுக்கிறீர்கள், வெடிச்சத்தம் வர வேண்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை மட்டும் கேட்கிறது. அதன்பின் அதை நம்பி வெளியே கிளம்ப மனம் வராது. வரவும் கூடாது.

அதற்காக உடனே விற்றுவிட வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றவும் வேண்டாம். துப்பாக்கி, மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி), தோட்டா, சுடுபவரின் கை என்று சந்தேகப்பட வேண்டியவை நான்கு. எதில் குறை என்று தெரியும்வரை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி. மேகசினையும் தோட்டாவையும் சேர்த்து மாற்றிவிட்டு, துப்பாக்கி ஒழுங்காக ஓடினால், எது குற்றவாளி என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இங்கே சொல்வதெல்லாம் 9 மி.மீ. தோட்டா போடும் சிறிய அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியை (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) மனத்தில் வைத்துத்தான். சுழல் துப்பாக்கியின் கோளாறுகள் வேறு வகை.

படி 1: 'டிக்' என்றதும் என்ன செய்வது

குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுத்துவிடுங்கள். மனத்துக்குள் 30 விநாடி எண்ணுங்கள். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தாமதமாகத் தீப்பிடித்து, சற்றுப் பொறுத்து வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு; அரிது என்றாலும் உண்டு. ஸ்லைடை (சுடும்போது முன்பின் ஓடும் மேற்பகுதி) திறந்த பிறகு அது வெடித்தால் பித்தளைக் கூடு சிதறி முகத்தில் அடிக்கும். 30 விநாடி கழித்து மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே விழவிடுங்கள். தோட்டா வெளியேறும் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக 'பொக்' என்று மெலிதாகக் கேட்டு, கையில் உதைப்பும் குறைவாக இருந்தால், அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. மருந்து குறைவான தோட்டாவாக இருக்கலாம். அதன் ஈயமுனை குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றி, தோட்டா நுழையும் பக்கமிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மறுமுனை வட்டமாகத் தெரிந்தால் குழல் சுத்தம். தெரியாவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.

கண்ணாடியும் காதுக்காப்பும் இல்லாமல் இந்தச் சோதனைகளில் எதையும் செய்யாதீர்கள்.

படி 2: சுடுவதற்கு முன்பே ஒரு முறை சுத்தமாகத் துடையுங்கள்

பெட்டியிலிருந்து வரும் துப்பாக்கியில் இருப்பது பெரும்பாலும் துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய். மசகாக அதை நம்ப முடியாது, கெட்டியாகவும் இருக்கலாம். பலர் இதைத் துடைக்காமலேயே பயிற்சிக்கு எடுத்துப்போய்விட்டுக் குறை சொல்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன் மேகசினை எடுங்கள், ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள், தோட்டா அறையை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரல் நுனியாலும் சோதியுங்கள். சில மாதிரிகளில் கழற்றுவதற்கு விசையை இழுத்தாக வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் விபத்துகள் நடக்கின்றன. நீங்கள் உட்கார்ந்து கழற்றும் வீட்டு அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது.

கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் பிரித்து, பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஸ்லைடு ஓடும் தடங்களிலும் குழலின் வெளிப்புறம் உரசும் இடங்களிலும் ஓரிரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதிகம் வேண்டாம். ஸ்லைடுக்குள், பிரைமரைக் குத்தும் ஊசி ஓடுகிற துளைக்குள் எண்ணெய் விடவே வேண்டாம். அங்கே எண்ணெய் போனால் புகைக்கரியும் தூசியும் சேர்ந்து பசையாகி ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும். மேகசினுக்குள்ளும் எண்ணெய் கூடாது.

படி 3: கோளாறுக்குப் பெயர் வையுங்கள்

ஒரு சிறிய நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். "சிக்கியது" என்று எழுதினால் பயனில்லை. எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், எந்தத் தோட்டாப் பெட்டி, எப்படிச் சிக்கியது என்று நான்கையும் எழுத வேண்டும். துப்பாக்கியைச் சரிசெய்யும் முன் இரண்டு விநாடி அதைப் பாருங்கள். அந்த இரண்டு விநாடியில் கிடைக்கிற தகவல் பிறகு கிடைக்காது.

வெடிக்காத தோட்டாவின் அடிப்பாகத்தில்தான் பாதி விடை இருக்கிறது. அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் பொத்தான்போல் இருக்கும் சிறிய வட்டம்தான் பிரைமர். அதில் ஊசி குத்திய தடம் எப்படி இருக்கிறது? அதே பெட்டியில் ஒழுங்காக வெடித்த தோட்டாவின் கூட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

தடம் ஆழமாகவும் நடுவிலும் இருந்து, தோட்டா வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, குறை தோட்டாவில். தடம் மேலோட்டமாக, நகத்தால் அழுத்தியதுபோல் இருந்தால் ஊசியின் வேகம் போதவில்லை. ஊசித் துளையில் எண்ணெயோ அழுக்கோ இருக்கலாம், ஸ்லைடு முழுமையாக மூடாமல் இருந்திருக்கலாம், அந்தத் தயாரிப்பின் பிரைமர் கடினமானதாகவும் இருக்கலாம். தடம் நடுவிலிருந்து விலகியிருந்தால், ஸ்லைடு முழுமையாக மூடும் முன்பே ஊசி அடித்ததா என்று சந்தேகப்படுங்கள். தடமே இல்லையென்றால் ஊசி பிரைமரைத் தொடவே இல்லை; ஸ்லைடு மூடாமல் நின்றதா, ஊசி உடைந்ததா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று உண்டு. முதல் முறை வெடிக்காத தோட்டா இரண்டாம் முறை அடித்ததும் வெடிக்கிறது என்பார்கள். பிரைமர் அதன் குழியில் முழுமையாக இறங்காமல் இருந்தால் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில்தான் தீப்பிடிக்கும். புதிய தோட்டாவின் அடியை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் பித்தளை விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை தாழ்ந்தோ இருக்க வேண்டும். மேடாகத் தட்டுப்பட்டால் அதைச் சுட வேண்டாம்.

'டிக்' என்றபோது தோட்டா அறை காலியாக இருந்ததா? அது ஊசியின் குறையே அல்ல. மேகசின் சரியாகப் பூட்டிக்கொள்ளாததால் ஸ்லைடு தோட்டாவை எடுக்காமல் மேலே ஓடிப்போயிருக்கிறது. புதிய மேகசினின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். முழுக்க நிரப்பி, ஸ்லைடு மூடியிருக்கும்போது செருகினால் மேல் தோட்டா ஸ்லைடில் முட்டி, பூட்டு விழாமல் நிற்கும். அடியில் பலமாகத் தட்டிச் செருகுங்கள். பிறகு கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள்.

மற்றச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெற்றுக்கூடு புகைபோக்கிபோல் நிமிர்ந்து நின்றால் ஸ்லைடு முழு தூரம் பின்னே போகவில்லை, அல்லது கூட்டை இழுக்கும் கொக்கியில் குறை. தோட்டா மூக்கு, அது குழலுக்குள் ஏறும் சரிவில் முட்டி நின்றால் மேகசினையும் தோட்டாவின் வடிவத்தையும் பாருங்கள். ஸ்லைடு முழுமையாக மூடுவதற்குச் சிறிது முன் நின்றுவிட்டால், நீங்கள் அதைக் கையால் பிடித்தபடியே மெல்லக் கொண்டுபோய் விட்டீர்களா என்று யோசியுங்கள். பின்னுக்கு முழுக்க இழுத்துச் சட்டென்று விட்டுவிட வேண்டும். ஸ்பிரிங்கின் முழு விசையும் அதற்குத் தேவை.

படி 4: மேகசின்

ஒவ்வொரு மேகசினின் அடியிலும் அழியாத மையால் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள சோதனை வேறில்லை. நோட்டில் ஆறு சிக்கல்கள் இருந்து, ஆறும் 2-ஆம் எண் மேகசினில் நடந்திருந்தால் வேலை முடிந்தது. அதன் மேல்விளிம்பு வளைந்திருக்கிறதா, தோட்டாவை உயர்த்தும் தட்டு உள்ளே தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். வளைவைக் குறடால் நிமிர்த்த முயல வேண்டாம். அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

படி 5: தோட்டா

பயிற்சிக்குப் பலரும் வாங்குவது முனையின் எடை 115 கிரெயின் (ஒரு சிறிய எடை அலகு) உள்ள உருண்டை மூக்குத் தோட்டா. அவற்றில் சில வலுக் குறைவானவை. சிறிய துப்பாக்கியில் ஸ்லைடு இலகுவானது, அது ஓடும் தூரமும் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருக்கிறார்கள். புதிய விறைப்பான ஸ்பிரிங்கும் வலுக் குறைந்த தோட்டாவும் சேர்ந்தால் ஸ்லைடு முழுதூரம் போகாது. 124 கிரெயினில் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் துப்பாக்கியில் குறையில்லை, ஸ்பிரிங் பழக வேண்டியிருக்கிறது.

வலுவைக் கூட்டுகிறேன் என்று கூடுதல் அழுத்தத் தோட்டாவுக்குத் தாவ வேண்டாம். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தர வரையறை சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு அழுத்தம். '+பி' என்று குறித்தவற்றுக்கு 38,500. உங்கள் கையேடு அனுமதித்தால் மட்டுமே அவற்றைப் போடலாம்.

தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும் குழிமூக்குத் தோட்டாவைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். அதன் மூக்கு தட்டையானது. உருண்டை மூக்குத் தோட்டா வழுக்கி ஏறுகிற சரிவில் இது முட்டிக்கொள்ளலாம். விலை அதிகம் என்று பத்துத் தோட்டா சுட்டுவிட்டுத் திருப்தி அடைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உயிருக்காக வைத்திருக்கும் தோட்டா அதுதானே.

படி 6: உங்கள் கை

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டும். ஸ்லைடு பின்னுக்கு ஓட, கைப்பிடியோடு சேர்ந்த சட்டகம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து சட்டகமும் கூடவே பின்வாங்கினால் ஸ்லைடின் ஓட்டம் பாதியில் நின்றுவிடும். வெற்றுக்கூடு நிமிர்ந்து சிக்கும். இலகுவான சிறிய துப்பாக்கிகளில் இது அதிகம்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், துப்பாக்கியைத் திருப்பி அனுப்பும் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்தார். பத்துக்கு இரண்டு சிக்கியது. அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே பெட்டித் தோட்டாவில் நான் முப்பது சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. அவருடைய பிடியைக் கைப்பிடியின் பின்பக்க உச்சிவரை உயர்த்தி, இரண்டாவது கையின் உள்ளங்கை சட்டகத்தோடு ஒட்டும்படி வைத்து, மணிக்கட்டைப் பூட்டச் சொன்னேன். அடுத்த ஐம்பதும் தடையின்றிப் போயின. வேறொருவரைச் சுடச் சொல்வதுதான் கையின் குறையைக் கண்டுபிடிக்கும் மிகச் சுலபமான சோதனை.

கடைசித் தோட்டா தீர்ந்தும் ஸ்லைடு பின்னே நிற்கவில்லையா? உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியின் மேல் படுகிறதா என்று பாருங்கள். தோட்டா இருக்கும்போதே நின்றுவிடுகிறது என்றால் அதே விரல் அதைக் கீழிருந்து தள்ளுகிறது.

படி 7: எண்ணத் தொடங்குங்கள்

காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். தொடர்ந்து 200 தோட்டா சிக்கலின்றிப் போக வேண்டும் என்பது பலரும் வைத்திருக்கும் அளவு. அந்த எண் என்ன சொல்கிறது என்பதைப் புள்ளியியலின் எளிய விதி ஒன்று காட்டும்: குறையே இல்லாமல் எத்தனை முறை சோதித்தீர்களோ, அந்த எண்ணால் 3-ஐ வகுங்கள். 200 என்றால் 1.5 சதவீதம். உண்மையான கோளாறு விகிதம் இதற்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்குமேல் சொல்ல முடியாது. ஐம்பது தோட்டாவோடு நிறுத்தினால் அந்த எல்லை 6 சதவீதம். அதனால் நான் 500 வரை போவேன். அதில் குறைந்தது 100 தற்காப்புத் தோட்டாவாக இருக்கும்.

படி 8: உடன் வைத்திருக்கத் தொடங்கிய பிறகு

தினமும் தோட்டாவை இறக்கி, மறுநாள் அதே தோட்டாவை மீண்டும் ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தோட்டாவின் மூக்கு சரிவில் மோதுகிறது. சிறிது சிறிதாக ஈயமுனை கூட்டுக்குள் அமுங்குகிறது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அந்தத் தோட்டாவையும் பெட்டியிலிருந்து எடுத்த புதியதையும் மேசையில் அருகருகே நிறுத்தி, மேலே ஓர் அட்டையை வைத்துப் பாருங்கள். அட்டை ஒரு பக்கம் சாய்ந்தால், குட்டையாகிப்போனதை ஒதுக்கிவிடுங்கள். அதைச் சுடக் கூடாது.

உடையின் நூல்தூசி ஸ்லைடின் பின்புறத்திலும் மேகசினிலும் சேரும். மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் மேலோட்டமான ஊசித் தடமோ, இரண்டு மூன்று மேகசினிலும் ஒரேவிதமான சிக்கலோ தொடர்ந்தால் குறை துப்பாக்கியில்தான். சரிவை நீங்களே தேய்த்து மெருகேற்ற வேண்டாம். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது, உத்தரவாதமும் போய்விடும். தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். கூடவே நோட்டின் பக்கங்களின் நகலையும், வெடிக்காத தோட்டாக்களின் அடிப்பாகத்தை அருகில் எடுத்த புகைப்படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். "சில சமயம் சிக்குகிறது" என்று எழுதி அனுப்பியவரின் துப்பாக்கி தொடப்படாமலேயே திரும்பி வரக்கூடும். "340 தோட்டாவில் 11 முறை, மூன்று மேகசினிலும், இரண்டு வகைத் தோட்டாவிலும் தடம் மேலோட்டம்" என்று எழுதினால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் மறுபடியும் படி 2, அதன்பின் ஒன்றிலிருந்து எண்ணிக்கை.