பக்கத்து அறைப் பேச்சு எக்ஸாஸ்ட் குழாய் வழியே கேட்கிறதா? பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளை விருந்தினர் தங்கும் அறைகளாக மாற்றுகிறார்கள். அறைக்குள்ளேயே குளியலறை கட்டும்போது, இரண்டு குளியலறைக்கும் சேர்த்து ஒரே 6 அங்குல பிவிசி குழாய், கடைசியில் ஒரே எக்ஸாஸ்ட் விசிறி என்று முடித்துவிடுவது வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஈரமும் வாடையும் போய்விட்டன. ஆனால் ஒரு அறையில் போனில் பேசுவது அடுத்த அறையில் சொல் சொல்லாகக் கேட்டது. அதைச் சரிசெய்த முறை இது. குழாய் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சுவர் இவ்வளவு கனமாக இருந்தும் ஏன் கேட்கிறது? 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி ஓட்டை இருந்தால், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. காற்று போகிற வழியெல்லாம் சத்தமும் போகும். நம் வீடுகளில் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் சத்தத்தை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும் என்பதால் தொந்தரவு இன்னும் கூடும்.

முதலில் சோதனை

விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் பேச்சை மறைத்துவிடும். ஒரு அறையில் ரேடியோவில் செய்தி வையுங்கள். பாட்டு வேண்டாம், பேச்சுதான் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அடுத்த அறைக் குளியலறையின் காற்று ஜாலியில் ஒரு தலையணையை அழுத்திப் பிடியுங்கள். குரல் சட்டென்று அமுங்கினால் குழாய்தான் காரணம். அமுங்காவிட்டால் கதவிடுக்கையும் குழாயைச் சுற்றிச் சுவரில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். அந்த இடைவெளியைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பினால் போதும். பொடி உதிரும் பழைய பூச்சில் சிலிக்கான் பிடிக்காது.

பெட்டி

குழாய்தான் காரணம் என்றால், அதன் நடுவே சத்தத்தை உறிஞ்சும் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டில் 3 அடி நீளப் பெட்டி. உள்ளளவு 10க்கு 10 அங்குலம். நான்கு பக்கமும் 2 அங்குலம் உறிஞ்சும் பலகை ஒட்டினால் நடுவே 6க்கு 6, அதாவது 36 சதுர அங்குலம் காற்றுக்கு மிஞ்சும். 6 அங்குலக் குழாயின் வாய் சுமார் 28 சதுர அங்குலம்தான், அதனால் காற்று நெருக்கப்படாது. குழாய் ஒரு முனையில் நுழைந்து, மறுமுனைக்கு அருகே பக்கவாட்டில் வெளியேற வேண்டும். நேராக விட்டால் கூர்மையான ஒலிகள் பலகையில் படாமல் நழுவிப் போய்விடும்.

உள்ளே ஒட்டுவதற்கு என் தேர்வு பாலியஸ்டர் இழைப் பலகை. ராக்வூலும் (பாறை இழை) நன்றாக உறிஞ்சும், ஆனால் இழை உதிராமல் கண்ணாடி இழைத் துணி போர்த்த வேண்டும். ஈரக் காற்று போகும் குழாயில் அது எனக்குப் பிடிக்கவில்லை. தெர்மாகோல் மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தத்தை உறிஞ்சாது, தீப்பிடித்தால் ஆபத்து.

எங்கே வைப்பது? இதை நிதானமாகப் படியுங்கள்

விசிறி போடுபவரிடம் சொன்னால் பெட்டியை விசிறிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்பார். அங்கே வைத்தால் விசிறி இரைச்சல் குறையும், பேச்சு குறையாது. ஏனென்றால் பேச்சு விசிறி வரை போவதே இல்லை. முதல் அறை ஜாலியில் நுழைந்து, இரண்டு கிளைகளும் சேரும் டீ (T வடிவ இணைப்பு) வரை வந்து, அங்கிருந்து அடுத்த அறைக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே டீக்கு முன்னால், கிளைக் குழாயில்தான் பெட்டி இருக்க வேண்டும். கிளைக்கு ஒன்று வைத்தால் பேச்சு இரண்டு பெட்டிகளையும் கடந்தாக வேண்டும். இடமில்லை என்றால் ஏதாவது ஒரு கிளையிலாவது வையுங்கள். ஒரு தாளில் இரண்டு ஜாலிகளையும் டீயையும் வரைந்து, சத்தம் போகும் பாதையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் ஆளுக்கொரு குழாயைத் தனித்தனியாக வெளியே விட்டுவிடுங்கள். அதைவிட நல்ல வழி கிடையாது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் சிலர், கதவுக்கு மேலே வளவைப் பார்த்திருக்கும் வெண்டிலேட்டரை அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே ஏறும் சூட்டுக் காற்று வெளியேறும் வழி அது. அதை அடைத்துவிட்டு ஏசியை நம்பி வாழும் வீடுகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அறைக்குள் கனமான திரையும் ஜமக்காளமும் போட்டால் எதிரொலி அடங்கும், வளவுக்குப் போகும் சத்தமும் ஓரளவு குறையும்.

இன்னொருவருக்கு, பெட்டி வைத்தபின் காற்று இழுப்பது குறைந்ததாம். ஜாலியில் டிஷ்யூ தாளை வைத்துப் பாருங்கள், ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குளியலறைக் கதவை லேசாகத் திறந்து மறுபடி பாருங்கள். அப்போது ஒட்டினால் உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை என்று அர்த்தம். கதவின் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். அப்படியும் ஒட்டவில்லையென்றால் விசிறியைக் கொஞ்சம் பெரிதாக மாற்ற வேண்டியதுதான்.

டிவியின் அடித்தொனி மட்டும் இன்னும் லேசாகக் கேட்கும். 2 அங்குலப் பலகைக்கு அது அடங்காது; பெட்டியை நீட்டி, நடுவே 6க்கு 6 காற்று வழி குறையாதபடி அகலமாக்கி, பலகையை 4 அங்குலமாக்க வேண்டும். பெட்டியின் மூடியை ஆணி அடிக்காமல் திருகாணி போட்டு, விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டி மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கழற்றி, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வசதியாக இருக்கும்.