தூரத்து சுவிட்சில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஆலை, ஷூ கம்பெனி, கல்லூரி என்று எங்கே போனாலும் ரேக்கில் நாலைந்து நெட்வொர்க் சுவிட்ச் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்பவரோ வேலூர் சத்துவாச்சாரியில் மேசையில் இருந்தபடி, தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் "புட்டி" (PuTTY) சாஃப்ட்வேரைத் திறந்து வேலையை முடிக்கிறார். புதிதாக வருகிறவர்கள் இதில் சறுக்கும் இடங்கள் பழைய ஆட்கள் சறுக்கிய அதே இடங்கள்தான். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டாதே என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

"ஆட்" என்ற ஒரு சொல்

இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கேமராக்களுக்காக விலேன் (VLAN, ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) 30 சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல விலேன்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் டிரங்க் போர்ட்டில் ஏற்கெனவே 10, 20, 99 ஓடுகின்றன. 99 நிர்வாகத்துக்கு, அதாவது நீங்கள் உள்ளே வந்த வழியே அதுதான். சிஸ்கோ சுவிட்சில் "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவுட் விலேன் 30" என்று அடித்தால் 30 கூடுதலாகச் சேராது. பழைய பட்டியல் போய் 30 மட்டும் நிற்கும். எரர் எதுவும் வராது. கர்சர் நின்றுவிடும், எந்தக் கீயைத் தட்டினாலும் திரையில் எழுத்து விழாது. அந்த டிரங்குக்குப் பின்னால் இருக்கும் பில்லிங்கும் பயோமெட்ரிக்கும் கூடவே படுத்துவிடும். அடித்திருக்க வேண்டியது "அலவுட் விலேன் ஆட் 30".

வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு ஆள், லேப்டாப்பைச் சுவிட்சில் நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளோடு பஸ் ஏற வேண்டும். வாட்ச்மேனுக்குப் போன் போட்டு பவரைப் பிடுங்கி மாட்டச் சொல்லலாம். சேமிக்காத மாற்றம் அதில் போய்விடும். ஆனால் அவசரத்தில் "ரைட்" (write) கொடுத்துச் சேமித்திருந்தால் தவறான கான்ஃபிகே (சுவிட்சின் அமைப்புகளே) திரும்ப எழும்.

இதற்குக் காப்பு இருக்கிறது, வரிசை மாறக் கூடாது. முதலில் "ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்" பாருங்கள். இப்போது ஓடும் கான்ஃபிகைச் சேமியுங்கள். பிறகு "ரீலோட் இன் 10". அதன் பிறகே மாற்றம். தொடர்பு அறுந்தால் பத்தாவது நிமிடம் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமித்த பழைய நிலைக்கு வந்துவிடும். மாற்றம் சரியா என்று பார்க்க, பழைய விண்டோவை மூடாமல் இன்னொரு விண்டோவில் புதிதாக லாகின் செய்யுங்கள். உள்ளே போக முடிந்தால் "ரீலோட் கேன்சல்", கடைசியாகச் சேமிப்பு. மாற்றத்தை முதலில் செய்துவிட்டு "ரீலோட் இன்" கொடுத்தால், சேமிக்கட்டுமா என்று சுவிட்ச் கேட்கும். அங்கே "எஸ்" சொன்னால் காப்பு முழுதும் வீண். ஜூனிப்பர் கம்பெனி சுவிட்சில் இதே வேலையை "கமிட் கன்ஃபர்ம்ட்" செய்கிறது, மைக்ரோடிக்கில் சேஃப் மோட்.

ரீஸ்டார்ட் ஆனால் சில நிமிடம் எல்லாமே நிற்கும் என்பதால், ஷிப்ட் முடிந்த நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

டெல்நெட்டை "இப்போதைக்கு" விட்டுவைப்பது

டெல்நெட் என்பது தூரத்திலிருந்து லாகின் செய்யும் பழைய முறை. அதில் போர்ட் 23 வழியாக யூசர்நேமும் பாஸ்வேர்டும் அப்படியே வெறும் எழுத்தாகப் போகின்றன. வழியில் ஒயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போவதைப் படிக்கும் சாஃப்ட்வேர்) ஓட்டுபவருக்கு அது திறந்த கடிதம். 1995இல் எஸ்எஸ்எச் (SSH, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் லாகின் முறை) பிறந்ததே பாஸ்வேர்ட் திருட்டுக்குப் பிறகுதான். ஹோஸ்ட்நேம், டொமைன் நேம் வைத்து, 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ உருவாக்கி, "ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2", "லாகின் லோக்கல்" கொடுங்கள். எஸ்எஸ்எச்சில் ஒருமுறை லாகின் ஆகிப் பார்த்த பிறகே "டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்" கொடுத்து டெல்நெட்டை மூடுங்கள்.

5 முதல் 15 வரை மறப்பது

பல சுவிட்சுகளில் தூரத்திலிருந்து லாகின் ஆகும் வழிகளான விடிஒய் (VTY) லைன் 0 முதல் 15 வரை, மொத்தம் 16. நெட்டில் கிடைத்த கான்ஃபிகை ஒட்டுகிறவர்கள் 0 முதல் 4 வரை மட்டும் பூட்டிவிட்டுப் போகிறார்கள். எந்த முகவரியிலிருந்து நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் ஆக்சஸ்-கிளாஸும் அந்த ஐந்துக்கே. முதல் ஐந்து நிரம்பியதும் ஆறாவதாக வருபவர் பூட்டாத லைனில் நுழைவார்.

டைப் 7 பாஸ்வேர்ட்

கான்ஃபிகில் 7 என்ற எண்ணோடு மறைத்துக் காட்டும் இந்த பாஸ்வேர்டை நொடியில் பழைய எழுத்துக்குத் திருப்பிவிடலாம். கட்டளையில் "பாஸ்வேர்ட்" என்பதற்குப் பதில் "சீக்ரெட்" போடுங்கள்.

எக்ஸெக்-டைம்அவுட் 0 0

இதைக் கொடுத்தால் சும்மா கிடக்கும் லாகின் தானாக மூடாது. வேண்டவே வேண்டாம்.

கன்சோல் கேபிள்

புட்டியில் கொடுக்க வேண்டியவை: வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. யு.எஸ்.பி. கன்வெர்ட்டரின் டிரைவரை ஆபீசிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நெட் விழுந்த கம்பெனியில் நின்றுகொண்டு டவுன்லோட் செய்ய முடியாது.