ஒரு ஜன்னல் மட்டும் எப்போதும் மேலே நிற்க வேண்டுமா?

ஒரு பக்கம் பிடிஎஃப், இன்னொரு பக்கம் எக்செல், நடுவில் கால்குலேட்டர். எக்செல்லில் ஒரு கிளிக் செய்ததும் கால்குலேட்டர் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கு எளிதான வழி இருக்கிறது.

எதையும் நிறுவுவதற்கு முன், அந்த மென்பொருளிலேயே வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கால்குலேட்டரில் 'ஸ்டாண்டர்ட்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதை அழுத்தினால் கால்குலேட்டர் சிறிதாகி மேலேயே நிற்கும். சயின்டிஃபிக் முறையில் அந்தப் படம் வராது. விஎல்சியில் 'வீடியோ' மெனுவுக்குள் 'ஆல்வேஸ் ஆன் டாப்' இருக்கிறது.

மற்ற எல்லாவற்றுக்கும் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ். இலவசம், ஸ்டோரிலேயே கிடைக்கும். இதே வேலைக்குக் குட்டி மென்பொருள்கள் நிறைய உண்டு. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காதவற்றை நான் தொடுவதில்லை.

1. பவர்டாய்ஸை நிறுவித் திறந்து, 'ஆல்வேஸ் ஆன் டாப்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. மேலே நிற்க வேண்டிய ஜன்னலை ஒருமுறை கிளிக் செய்யுங்கள்.
3. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சுற்றிலும் நிறக்கோடு வந்தால் வேலை முடிந்தது. விடுவிக்கவும் அதே மூன்று விசைகள்தான்.

கோடு வரவே இல்லையா? பெரும்பாலும் அந்த மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் அப்படித்தான். உரிமை குறைந்த மென்பொருள், உரிமை கூடியதன் ஜன்னலைத் தொட விண்டோஸ் விடாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இந்தக் காவல் உண்டு. பிழைச்செய்தி எதுவும் வராததால், விசைகள்தான் கெட்டுவிட்டன என்று தோன்றும். பவர்டாய்ஸில் 'ஜெனரல்' பக்கத்துக்குப் போய், 'ரீஸ்டார்ட் பவர்டாய்ஸ் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். அங்கேயே 'எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடு' என்ற பொருளில் ஒரு சுவிட்சும் உண்டு. தினமும் தேவைப்பட்டால் ஒழிய அதைப் போடாதீர்கள்.

மென்பொருளை மூடித் திறந்தால் மறுபடி விசைகளை அழுத்தியாக வேண்டும். இரண்டு ஜன்னல்களை மேலே நிறுத்தினால், கடைசியாகக் கிளிக் செய்ததுதான் மற்றதை மறைக்கும். அதனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது, அதையும் சிறிதாக்கி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு நிறுவும் வேலையே இல்லை. ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் வரும் மெனுவில் 'ஆல்வேஸ் ஆன் டாப்' இருக்கும். அது மங்கலாகத் தெரிந்தால் ஜன்னல் திரை முழுக்க விரிந்திருக்கிறது என்று பொருள், சுருக்கிவிட்டுப் பாருங்கள். லினக்ஸின் இன்னொரு திரை அமைப்பான கேடிஈ (KDE) வைத்திருந்தால் தலைப்புப் பட்டையில் வலது கிளிக், 'மோர் ஆக்‌ஷன்ஸ்', அப்புறம் 'கீப் அபவ் அதர்ஸ்'.