திரும்பி வரும் கப்பல் காலியாக வரக் கூடாது

விண்வெளி வியூக விளையாட்டில் வணிகப் பாதை போடும்போது டன்னுக்கு எவ்வளவு லாபம் என்று மட்டும் பார்க்காதீர்கள். எரிபொருள் செலவைக் கழித்துவிட்டு, போய்வர ஆகும் டர்ன் (ஆட்டச் சுற்று) கணக்கால் வகுத்துப் பாருங்கள். 100 டன் கப்பல், எரிபொருள் போக டன்னுக்கு 40 லாபம், போய்வர 8 டர்ன் என்றால் டர்னுக்கு 500. பக்கத்துக் கோளில் டன்னுக்கு 25தான். ஆனால் 3 டர்னில் திரும்பிவிடலாம். டர்னுக்கு 833!

திரும்பும் வழிக்கும் சரக்கு பிடியுங்கள், இதுதான் முக்கியம். காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் கடல் தாண்டி வந்த பர்மா தேக்கு. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திரும்பும் கப்பலின் சரக்கு நினைவுதான்.

பல விளையாட்டுகளில் ஒரே சந்தையில் கொட்டினால் விலை சரியும். இரண்டு நிலையங்களில் பிரித்து விற்றுவிடுங்கள்.