ஓப்பன்எஸ்எஸ்எல் பழைய வெர்ஷனா? கை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு ஒரு குட்டி வெப்சைட் உண்டு. தண்ணீர் டேங்கர் புக்கிங், யார் வீட்டுப் பாக்கி எவ்வளவு, அவ்வளவுதான் அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மடிவாளாவில் பிஜியில் இருக்கும் என் சித்தி மகனிடம் கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது: "அண்ணே, சர்வருக்குள்ளயே போக முடியல."

நடந்தது இதுதான். இலவச ஸ்கேனர் ஒன்றை ஓட்டியிருக்கிறான். ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் மென்பொருள்) 3.0.2, அதில் சிவிஇ-2022-3602 என்ற பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. 3.0.7-இல் சரிசெய்துவிட்டார்கள் என்று எங்கோ படித்தவன், சோர்ஸை இறக்கி கம்பைல் செய்து, மற்ற புரோகிராம்களும் பயன்படுத்தும் பழைய லைப்ரரி கோப்புகளை அழித்துவிட்டான். புதியது வேறு ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் தன் லைப்ரரியைத் தேடி ஏமாந்து நின்றுவிட்டது. ரெஸ்க்யூ மோடில் நுழைந்து சரிசெய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, அந்த ஓட்டை அவன் சர்வரில் ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். எல்லாம் அவன் சர்வரில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04-ஐ வைத்து. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: உங்கள் உபுண்டுவுக்கு இன்னும் ஆதரவு உண்டா?

"எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ" அடித்தால் எந்த வெளியீடு என்று தெரியும். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு வெளியீடு) என்றால் 5 ஆண்டுகள் பாதுகாப்பு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வரும். மற்றவற்றுக்கு 9 மாதம்தான். காலம் முடிந்திருந்தால் முதலில் அடுத்த வெளியீட்டுக்கு மாறுங்கள், மீதியெல்லாம் அப்புறம்.

படி 2: சிவிஇ எண்ணை எடுத்துக்கொண்டு உபுண்டுவிடமே கேளுங்கள்

சிவிஇ என்பது ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் தரும் பதிவு எண். உபுண்டுவின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினால் வெளியீடு வாரியாக ஓர் அட்டவணை வரும். 'நாட் அஃபெக்டட்' என்றிருந்தால் உங்களுக்குக் கவலையில்லை. 'ஃபிக்ஸ்டு' என்றிருந்தால் பக்கத்தில் ஒரு வெர்ஷன் இருக்கும். நம் ஓட்டைக்கு 22.04-இல் அது 3.0.2-0உபுண்டு1.7.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 2022 நவம்பர் 1 அன்று 3.0.7-ஐ வெளியிட்டது. உபுண்டுவோ 3.0.7-க்குப் போகவில்லை. ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்து, தன்னிடமிருந்த 3.0.2-இலேயே சேர்த்துவிட்டது. குழாய் ஒழுகினால் வாஷரை மாற்றுவோமே, அப்படி. இதற்கு பேக்போர்ட் என்று பெயர். முன்னால் உள்ள எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு இது தெரியாது, அது பாட்டுக்குக் கத்தும்.

"புதுசே போட்டுட்டா என்னண்ணே?" என்றான். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் பேக்கேஜில் யாரோ ரகசியமாக வைத்த ஒரு பின்வாசல் பிடிபட்டது. அது இருந்தது 5.6.0, 5.6.1 என்ற அப்போதைய புத்தம் புது வெர்ஷன்களில். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற டெவலப்பர்தான் அதைக் கண்டுபிடித்தார். 22.04-இல் இருந்ததோ பழைய 5.2.5. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

படி 3: உங்கள் மெஷினில் என்ன இருக்கிறது?

"டிபிகேஜி -எல் லிப்எஸ்எஸ்எல்3" என்று அடியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பேக்கேஜ் வெறும் கட்டளைக் கருவி. வெப்சர்வர் உண்மையில் பயன்படுத்தும் லைப்ரரி லிப்எஸ்எஸ்எல்3-இல் இருக்கிறது.

தம்பியின் சர்வர் 3.0.2-0உபுண்டு1.10 என்று காட்டியது. "1.7 வேணும்னு போட்டிருக்கு, நம்மகிட்ட 1.1 தானே இருக்கு" என்றான். இது தசம எண் இல்லை! புள்ளிக்குப் பின்னால் இருப்பது முழு எண், 7-ஐவிட 10 பெரியது. இன்னும் சந்தேகமா? உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி ஆப்ட். "ஆப்ட் சேஞ்ச்லாக் லிப்எஸ்எஸ்எல்3" அடித்து, அதில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். இருந்தால் பேட்ச் உள்ளே வந்துவிட்டது.

படி 4: பேட்ச் போடுதல்

முதலில் ஸ்னாப்ஷாட், அதாவது சர்வரின் இப்போதைய நிலைக்கு ஒரு நகல். பிறகு "சூடோ ஆப்ட் அப்டேட்". இது பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும், எதையும் நிறுவாது. "ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்" என்னென்ன மாறப்போகிறது என்று காட்டும். பார்த்துவிட்டு "சூடோ ஆப்ட் அப்கிரேட்".

படி 5: ரீஸ்டார்ட்

கோப்பு மாறிவிட்டது, சரி. ஆனால் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் வெப்சர்வர் பழைய லைப்ரரியைத்தான் மெமரியில் பிடித்து வைத்திருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்யும்வரை ஓட்டை திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். அப்கிரேட் முடிந்ததும் எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி ஒரு திரை காட்டும். பலர் எஸ்கேப் அடித்துத் தாண்டிவிடுகிறார்கள், நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். தாண்டாதீர்கள். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறியிருந்தால் ரீபூட்தான் வழி. /வார்/ரன் ஃபோல்டரில் 'ரீபூட்-ரிக்வயர்டு' என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: ஆப்ட்டுக்குத் தெரியாதவை

என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்டுக்கு), பிப் (பைத்தானுக்கு) என்ற பேக்கேஜ் கருவிகள் வழியாக உங்கள் ப்ராஜெக்டுக்குள் நீங்களே இறக்கியதை ஆப்ட் கண்டுகொள்ளாது. அவற்றுக்கு "என்பிஎம் ஆடிட்", "பிப்-ஆடிட்" இருக்கின்றன. "என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்" வரை போகலாம். அதோடு "--ஃபோர்ஸ்" சேர்த்தால் பெரிய வெர்ஷன் தாவல்களையும் செய்துவிடும், சைட் உடைய வாய்ப்புண்டு. டெஸ்ட் காப்பியில் ஓட்டிப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

உபுண்டு சர்வரில் பாதுகாப்பு பேட்சைத் தானாகப் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வழக்கமாக ஆனிலேயே இருக்கும். தம்பியின் சர்வரில் 1.10 தானாக வந்தது அதன் புண்ணியம்தான். ஆனால் நீங்கள் தனியாகச் சொல்லி வைக்காதவரை அது ரீபூட் செய்யாது. எங்களுக்கு டேங்கர் புக்கிங் குவிவது சனிக்கிழமை காலையில், அதனால் வெள்ளி இரவு 11 மணிக்கு அவனே கையால் ரீபூட் செய்கிறான். முடிந்ததும் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு கட்டைவிரல் வரும்.