போஸ்ட்மார்ட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சந்தேக மரணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பழைய கல்லறையை யாரோ தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே தலையில்லாத ஓர் உடல் கிடந்தது. தசை இன்னும் இளஞ்சிவப்பாக இருந்ததால், சமீபத்தில் யாரையோ கொன்று பழைய கல்லறைக்குள் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எலும்புகளை ஆராய்வதில் பெயர்பெற்ற மானிடவியலாளர் வில்லியம் பாஸை அழைத்தார்கள். இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார். கடைசியில் பார்த்தால், அது அந்தக் கல்லறைக்கே உரியவரான கர்னல் வில்லியம் ஷையின் உடல். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 டிசம்பரில் இறந்தவர். உடலுக்குப் பதப்படுத்தும் மருந்து ஏற்றி, காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் வைத்துப் புதைத்திருந்ததால் அது அழுகவில்லை. கணக்கு நூறு வருடங்களுக்கு மேல் தப்பிப்போனது.

பாஸ் அதை மறைக்கவில்லை. உடல் எப்படிச் சிதைகிறது என்பது பற்றித் தமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டு, அதை ஆராய்வதற்காகவே டென்னசி பல்கலைக்கழகத்தில் ஒரு திறந்தவெளி ஆய்வகத்தைத் தொடங்கினார். 'பாடி ஃபார்ம்' என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது அதுதான்.

சினிமாவில் இப்படி நடக்காது. டாக்டர் துணியை விலக்கிப் பார்ப்பார், "இரவு பத்தேகாலுக்கு இறந்திருக்கிறார்" என்பார். அதைப் பார்த்துப் பழகிய நாம், உடலை அறுத்தாலே எல்லா உண்மையும் வந்துவிடும் என்று நம்புகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்து கிளைத்தவைதான்.

நேரத்தைத் துல்லியமாகக் கேட்பது

இறந்த உடல் மெல்லக் குளிரும். ஆனால் எவ்வளவு வேகமாக என்பது உடலின் பருமன், உடுத்தியிருந்த துணி, காற்று, தண்ணீர், இறக்கும்போது காய்ச்சல் இருந்ததா என்று பலவற்றைப் பொறுத்தது. முதல் சில மணி நேரம் வெப்பம் குறையாமலே கூட இருக்கலாம். தசை விறைப்பும் அப்படித்தான். பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையில் தெரியத் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். பிறகு ஒன்றிரண்டு நாளில் தளரும். வெயிலில் எல்லாமே சீக்கிரம் நடந்து முடிந்துவிடும், குளிரில் நாள்கணக்கில் இழுக்கும். உடல் வெப்பத்தை வைத்துக் கணக்கிடுவதில் இன்றும் பெரிதும் நம்பப்படுவது ஜெர்மானிய மருத்துவர் ஹென்ஸ்கேயின் முறை. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட அதில் முன்னும் பின்னும் சுமார் 2.8 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும்.

ஆகவே "மாலை 6-லிருந்து இரவு 12-க்குள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் நழுவுகிறார் என்று சந்தேகப்படாதீர்கள். நிமிடக் கணக்காகச் சொல்பவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். துல்லியமான நேரம் கிடைக்கிறதென்றால் அது பெரும்பாலும் கடைசி அழைப்பிலிருந்தோ, கேமரா பதிவிலிருந்தோ, கடைசியாகப் பார்த்தவரின் வாயிலிருந்தோதான் வரும்.

காரணமும் விதமும் ஒன்றல்ல

"இதயம் நின்றதால் மரணம்" என்று சான்றிதழில் எழுதினால் அது எதையும் சொல்லவில்லை. இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் இருக்கிறது. மரணத்தின் காரணம் என்பது அந்தச் சங்கிலியைத் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம். ஒரு முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. படுத்த படுக்கையாகிறார். இரண்டு மாதம் கழித்து நிமோனியாவில் இறக்கிறார். 'நிமோனியாதானே, இயற்கை மரணம்' என்று முடித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சங்கிலி தொடங்கிய இடம் அந்த விழுகை. எனவே இது விபத்து மரணம். இடையில் எத்தனை நாள் ஓடியது என்பதால் அது மாறாது. காப்பீடு, இழப்பீடு, வழக்கு என்று பலதும் இந்த ஒரு வரியில் தொங்கும்.

காரணம் 'எதனால்' என்றால், விதம் 'எப்படி': இயற்கை, விபத்து, தற்கொலை, பிறரால் நேர்ந்தது, தீர்மானிக்க இயலாதது. அமெரிக்கா போன்ற நாடுகளில், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரிகளான கரோனர்களும் மெடிக்கல் எக்ஸாமினர்களும் இந்த ஐந்தில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹோமிசைட்' எனப்படும் நான்காவதைச் செய்திகளில் 'கொலை' என்று மொழிபெயர்க்கும்போது சிக்கல் வருகிறது. அது இன்னொரு மனிதரின் செயலால் மரணம் நேர்ந்தது என்று மட்டுமே சொல்கிறது. தற்காப்பா, குற்றமா என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை.

விதத்தை உடல் மட்டும் சொல்லிவிடாது. தண்ணீரில் மூழ்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கியதை மட்டுமே காட்டும் ஒற்றை அடையாளம் என்று எதுவும் கிடையாது. மூக்கில் நுரை வருவது இதயச் செயலிழப்பிலும், போதைமருந்து அளவு மீறும்போதும் உண்டு. சரி, மூழ்கித்தான் இறந்தார் என்று முடிவானாலும், வழுக்கினாரா, குதித்தாரா, தள்ளப்பட்டாரா? நுரையீரலில் அதற்கு விடை இருக்காது. கரையில் இருக்கலாம், சாட்சியிடம் இருக்கலாம், அவர் முந்தின நாள் பேசிய பேச்சில் இருக்கலாம்.

போட்டோவை வைத்துத் தீர்ப்பு சொல்வது

இது இப்போது வாட்ஸ்அப்பில் தினமும் நடக்கிறது. முதுகில் கருநீலத் திட்டு தெரிந்தால் 'அடித்திருக்கிறார்கள்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இதயம் நின்றபின் ரத்தம் புவியீர்ப்பால் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கும். அந்த நிறம்தான் அது. அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: அடிபட்ட இடத்தில் ரத்தம் திசுவுக்குள் கசிந்திருக்கும், தேங்கிய இடத்தில் குழாய்க்குள்ளேயே இருக்கும். வாயிலும் மூக்கிலும் வழியும் சிவந்த திரவம் பெரும்பாலும் அழுகலின் விளைவு. எறும்பு அரித்த தோல் சிராய்ப்பு மாதிரியே இருக்கும். இறந்தபின் நகமும் முடியும் வளர்கின்றன என்பதும் பொய். தோல் வறண்டு சுருங்குவதால் நீண்டதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தேங்கலுக்கு ஒரு பயன் உண்டு. சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். நிறம் முதுகில் நிலைத்திருக்க, உடல் குப்புறக் கிடந்தால் யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லையே!

போஸ்ட்மார்ட்டத்தில் எதுவும் தெரியாவிட்டால் மறைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இதயத்தின் மின்துடிப்புக் கோளாறு கண்ணுக்குத் தெரியும் தடம் எதையும் விட்டுவைப்பதில்லை. நச்சுப் பரிசோதனைக்கோ வாரக்கணக்கில் ஆகும். எல்லா விஷத்தையும் ஒரே சோதனையில் பிடிக்கவும் முடியாது. எதைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். சோதனையில் கிடைத்த அளவையும் அப்படியே நம்பக்கூடாது. இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சின் போன்ற சில மருந்துகள் இறந்தபின் திசுக்களிலிருந்து ரத்தத்துக்குக் கசிந்து, இதய ரத்தத்தில் அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் தொடையிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். அழுகும் உடலில் கிருமிகளே ஆல்கஹாலை உண்டாக்கும். ஒரு சொட்டும் குடிக்காதவரைக் குடிகாரராக்கிவிட அது போதும்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா, அறுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எலும்பு முறிவுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் சி.டி. ஸ்கேன் அருமையானது. விஷத்தை அது காட்டாது, இதயக் குழாயின் அடைப்பிலும் தடுமாறும். முகம் சிதைந்துவிடும் என்ற பயமும் வழக்கமாகத் தேவையற்றது. வெட்டு மார்பிலிருந்து கீழே போகும். தலையில் காதுக்குப் பின்னால் தொடங்கும். தைத்தபின் உடையும் முடியும் மறைத்துவிடும்.

வீட்டில் நடக்கும் தவறுகள்

உயிர் இருக்கலாம் என்று தோன்றினால் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, தடயம் அப்புறம். தூக்கில் தொங்குபவரை இறக்கும்போது முடிச்சை அவிழ்க்காமல், வேறு இடத்தில் கயிற்றை அறுத்தால் இரண்டும் நடக்கும். உயிர் போய்விட்டது உறுதி என்றால் எதையும் தொடாதீர்கள். பாசத்தில்தான் குளிப்பாட்டுகிறார்கள், உடை மாற்றுகிறார்கள், அறையைக் கழுவிவிடுகிறார்கள். விசாரிக்க வருபவருக்குச் சுத்தமான அறையும் ஒரு குழப்பமான கதையும்தான் மிஞ்சும்.

சில நாள் சிகிச்சைக்குப் பின் இறந்தவர் என்றால், அனுமதித்த அன்று எடுத்த ரத்தத்தைப் பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்கள். விஷமோ மருந்தோ இறப்பதற்குள் உடலிலிருந்து வெளியேறியிருக்கலாம். சந்தேகம் இருக்கும்போது பரிசோதனைக்கு முன் எம்பாமிங்கும் (ரசாயனம் ஏற்றி உடலைப் பதப்படுத்துவது) வேண்டாம். அந்த ரசாயனம் நச்சுப் பரிசோதனையைக் குலைத்துவிடும். எரித்தால் திரும்ப வழியில்லை. புதைத்திருந்தால் ஓரளவு உண்டு. 1850-இல் இறந்த அமெரிக்க அதிபர் சக்கரி டெய்லருக்கு ஆர்சனிக் கொடுத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் 1991-இல் அவர் உடலை வெளியே எடுத்தார்கள். கொல்லும் அளவுக்கு ஆர்சனிக் இல்லை என்று தெரிந்தது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகப் பெரிதாகப் படுவது: வெட்கத்தில் மறைப்பது. குடி, மனச்சோர்வு, வலிப்பு ஆகியவற்றைக் குடும்பங்கள் சொல்லத் தயங்குகின்றன. குளியலறையில் விழுந்து கிடந்த ஒரு இளைஞரின் உடலில் எதுவுமே கிடைக்காமல் போகலாம். "பத்து நாளாக வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டான்" என்று அம்மா சொன்னால், டாக்டர் எங்கே தேட வேண்டும் என்பதே மாறிவிடும். அதை எந்தக் கத்தியாலும் கண்டுபிடிக்க முடியாது.