பாலில் சிட்ரேட் சேர்த்தால் கால்சியம் எங்கே போகிறது? மூன்று டம்ளர், ஒரு சீஸ் சாஸ்

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, கேசின் என்ற புரதத்தின் நுண் உருண்டைகளுக்குள் பாஸ்பேட்டோடு சேர்ந்து அடைந்து கிடக்கிறது. மீதி ஒரு பங்குதான் பாலின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கிறது. அதையும் பெரும்பாலும் பிடித்து வைத்திருப்பது சிட்ரேட், அதாவது பாலில் இயற்கையாகவே உள்ள சிட்ரிக் ஆசிட்டின் உப்பு வடிவம். நாம் இன்னும் கொஞ்சம் சிட்ரேட் சேர்த்தால், உருண்டைக்குள் இருக்கும் கால்சியமும் நீருக்கு வந்துவிடும். மொத்தக் கால்சியம் அதிகரிக்காது, குறையாது. இருக்கும் இடம் மட்டும் மாறும். இதை முதலில் கண்ணால் பார்த்துவிடுவோம்.

படி 1: சிட்ரேட் கரைசல்

மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைப்பது சிட்ரிக் ஆசிட். அது அமிலம்; நமக்கு வேண்டியது சோடியம் சிட்ரேட் என்ற உப்பு. உணவுத் தரப் பொடியாக வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம்.

10 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 60 மி.லி. தண்ணீரில் பெரிய பாத்திரமாக எடுத்துக் கரையுங்கள். 13 கிராம் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரை பொங்கும், அடங்கிய பிறகு அடுத்த சிட்டிகை. கடைசியில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் தண்ணீர் சேர்த்து மொத்தம் 75 மி.லி. ஆக்குங்கள். 5 மி.லி.யில் சுமார் 1 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்கும். சிட்ரிக் ஆசிட் பாக்கெட்டில் மோனோஹைட்ரேட் என்று போட்டிருந்தால் சோடா 12 கிராம் போதும். பேக்கிங் பவுடர் கூடாது, அதில் வேறு அமிலமும் மாவும் கலந்திருக்கும். 0.1 கிராம் காட்டும் தராசு அவசியம். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது.

படி 2: மூன்று டம்ளர்

கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராமை 300 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று கண்ணாடி டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். டீக்குப் போடும் டெய்ரி ஒயிட்னர் வேண்டாம். பாக்கெட் பாலும் வேண்டாம்; அதன் கொழுப்பே வெண்மை காட்டி, நாம் பார்க்க வேண்டிய மாற்றத்தை மறைத்துவிடும்.

முதல் டம்ளரில் 15 மி.லி. வெறும் தண்ணீர். இரண்டாவதில் 15 மி.லி. சிட்ரேட் கரைசல். மூன்றாவதில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 15 மி.லி. நீரில் கரைத்து ஊற்றுங்கள். மூன்றையும் கலக்கிவிட்டுச் சில நிமிடம் வையுங்கள்.

முதலாவது அப்படியே வெள்ளையாக இருக்கும். மூன்றாவது திரியும். இரண்டாவதைப் பாருங்கள்: வெண்மை போய், மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கலான கண்ணாடி நிறத்துக்கு வந்திருக்கும். கால்சியத்தைச் சிட்ரேட் பிடித்துக்கொண்டதால் கேசின் உருண்டைகள் குலைந்துவிட்டன. ஒளியைச் சிதறடித்துப் பாலுக்கு வெண்மை தந்தவை அவைதான்.

மூன்றாவது டம்ளரிலும் கால்சியம் கரைந்துதான் இருக்கிறது, ஆனால் அங்கே அதைக் கரைத்தது அமிலம். புளிப்பு ஏறியதும் கேசின் ஒன்றோடொன்று ஒட்டித் திரிகிறது. சிட்ரிக் ஆசிட்டும் சோடியம் சிட்ரேட்டும் ஒன்றுதானே என்று நினைத்து மாற்றிப் போடுகிறவர்களின் சாஸ் திரிந்துபோவது இதனால்தான்.

படி 3: சீஸ் சாஸ்

1911இல் ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் பிராசஸ்டு சீஸ் (சீஸை உருக்கி மறுபடி கட்டியாக்கியது) செய்யப் பயன்படுத்தியது இதே சோடியம் சிட்ரேட்தான்.

செடார் வகை சீஸ் 200 கிராம் துருவிக்கொள்ளுங்கள். 115 மி.லி. பாலோடு 35 மி.லி. சிட்ரேட் கரைசலைக் கலந்து சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழி வந்ததும் தீயைக் குறைத்து, சீஸை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, கரையக் கரைய விடாமல் கலக்குங்கள். மொத்த எடையில் சிட்ரேட் 2 சதவீதம் வரும். அதுவே சரியான அளவு. சீஸில் கேசினைக் கட்டிவைத்திருக்கும் கால்சியம் விலகி, அந்த இடத்துக்குச் சோடியம் வருகிறது. கட்டு தளர்ந்த கேசின் கொழுப்பைச் சுற்றிக்கொள்வதால் எண்ணெய் பிரியாது.

எண்ணெய் மிதந்தால் சிட்ரேட் போதவில்லை, அல்லது தீ அதிகம். இன்னும் 5 மி.லி. கரைசல் சேர்த்து பிளெண்டரில் அடித்தால் பெரும்பாலும் கூடிவரும். சோப்பு போல் ருசித்தால் சோடா மிஞ்சியிருக்கிறது. ஃபிரிட்ஜில் நாள்பட்டுப் பல்லில் நறநறத்தால், அது கால்சியம் சிட்ரேட் படிகமாக இருக்கலாம். கெடுதல் இல்லை, அடுத்த முறை அளவைக் குறையுங்கள். பிராசஸ்டு சீஸ் வாங்கியிருந்தால் லேபிளில் 331 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிட்ரேட் ஏற்கெனவே சேர்த்தாயிற்று.

உப்பு போடாதீர்கள். இந்த 7 கிராம் சிட்ரேட்டில் மட்டும் சுமார் 1.6 கிராம் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த சாஸ் ஏற்றதல்ல.

உடம்புக்குக் கிடைப்பது எவ்வளவு?

சாஸில் எதையும் வடித்துக் கொட்டுவதில்லை. அதனால் சீஸின் கால்சியம் முழுவதும் தட்டுக்கு வந்துவிடுகிறது. கரைந்த கால்சியம் கூடிவிட்டதால் உடம்பு இரட்டிப்பாக உறிஞ்சும் என்று கணக்குப் போட முடியாது. வயிற்று அமிலம் கேசின் கால்சியத்தையும் எப்படியும் கரைத்துவிடுகிறது. பாலின் கால்சியத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவது சுமார் 30 சதவீதம். வயிற்றில் அமிலம் குறைந்தவர்களுக்குக் கால்சியம் கார்பனேட் மாத்திரையைவிடக் கால்சியம் சிட்ரேட் மாத்திரை பொருந்துவது, அதை உறிஞ்ச வயிற்று அமிலம் அவ்வளவாகத் தேவைப்படாததால்தான்.

உண்மையான இழப்பு பனீரில் நடக்கிறது. லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் ஆசிட்டை அரை டம்ளர் நீரில் கரைத்து, கொதித்து இறக்கிய பாலில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பிரியும் தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்த உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு துளியும் இன்னும் கொஞ்சம் கால்சியத்தைக் கரைத்து வடிகட்டிக்குக் கீழே அனுப்பும். கீழே இறங்கிய அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள், அல்லது பருப்பு வெந்த பிறகு குழம்பில் ஊற்றுங்கள். வேகும் முன்னால் ஊற்றினால், புளிப்பில் பருப்பு குழையாது.